ஆப் செய்கிற ஐடியாவை ஒளித்து வைத்தீர்களா, வெளியில் சொன்னீர்களா? உங்களுக்கு என்ன நடந்தது?

வெள்ளவத்தைப் பையன்:

பதினான்கு மாதம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தையல்காரர்கள் அளவு, ஓடர், முற்பணம் எல்லாம் குறித்து வைக்க ஒரு ஆப். கோட் எழுதிய நண்பனிடம்கூட என்டிஏயில், அதாவது வெளியில் சொல்ல மாட்டேன் என்ற ஒப்பந்தத்தில், கையெழுத்து வாங்கினேன். அம்மா கேட்டால் "ஒஃபிஸ் வேலை" என்பேன். முடித்ததும் பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே தைக்கிற அன்ரி என் போனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த சீஆர் கொப்பியை விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அளவு, அதற்குக் கீழே அந்தப் பிளவுஸ் துணியில் வெட்டிய ஒரு துண்டு, குண்டூசியால் குத்தியிருந்தது. "தம்பி, நான் பேரைப் பார்த்துத் தேடுறதில்லை. துணியைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. இதில துணி எங்க?"

என் ஆப்பில் படம் போட இடமே இல்லை. முதல் வாரமே அவரிடம் காட்டியிருக்கலாம். அந்த மயில்கழுத்து நிறத் துண்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொட்டாஞ்சேனை 13:

உங்களுக்கு அப்படி. நாங்கள் சொன்னோம், இழந்தோம். ஸ்கூல் வான் கட்டணம் சேர்க்கிற ஆப். ஒரு போட்டியில் டெமோ காட்டினோம், நன்றாகக் கதைத்த ஒருவர் கேட்டார் என்று ஆப்பின் திரைகளை வரைந்த ஃபைலையும் ஈமெயிலில் அனுப்பினோம். நான்கு மாதத்தில் வேறொரு நிறுவனத்திடமிருந்து அதே மாதிரி ஒன்று வந்தது. பஸ்ஸில் நின்றபடியே போனில் இறக்கிப் பார்த்தேன். தமிழ்த் திரையில் 'கட்டனம்' என்று இரண்டு சுழி 'ன'. அது நான் அவசரத்தில் விட்ட பிழை! என் பிழையையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய இடம் தாண்டியதுகூடத் தெரியவில்லை. அதனால் "ஐடியாவை யாரும் திருட மாட்டார்கள்" என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பழைய ஆள்:

தங்கச்சி, மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் உங்களிடமிருந்து போனது ஐடியா இல்லை, ஃபைல். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை தராது. எழுதிய கோட், வரைந்த திரை இவற்றுக்குத் தரும். வெளிவிடாமல் பாதுகாத்த தகவலுக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நீங்கள் அதை இரகசியமாக வைத்திருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். அனுப்பிய ஈமெயிலை அழிக்காதீர்கள், திகதி அதில்தான் இருக்கிறது. அந்தப் பிழையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். இன்னொன்று: புதுக் கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் எடுக்க நினைப்பவர் மேடையில் சொல்வதற்கு முன் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். முதலில் வெளியில் சொல்லிவிட்டால் பல நாடுகளில் கிடைக்காது. மற்றபடி ஐடியாவுக்குப் பயப்படாதீர்கள். ஆப்பில் டாக்சி பிடிக்கிற ஊபரின் யோசனை உலகத்துக்கே தெரிந்திருந்தது. அதே மாதிரி நம்மூர் ஆப் பிக்மீ 2015இல் இங்கே தொடங்கியது, அதே வருடக் கடைசியில் ஊபரும் கொழும்புக்கு வந்தது. யாரிடம் என்ன இரகசியம் இருந்தது?

என் அனுபவம் என்றால், ஒரு முதலீட்டாளர் முன்னால் என்டிஏயை வைத்தேன், அவர் பேனாவையே தொடவில்லை. அவ்வளவுதான்.

நான்காம் குறுக்குத் தெரு:

அண்ணா, சட்டம் சரி. வழக்குப் பேசக் காசு யார் தருவார்? ஃபைல் கொடுக்காமல் இருப்பதுதான் மலிவு.

புறக்கோட்டையில் அப்பாவின் மொத்தக் கடையில் வளர்ந்தவன் நான். மிளகாய், மல்லி மூட்டையெல்லாம் வாசலிலேயே வாய் திறந்து கிடக்கும், யாரும் கையை விட்டு அள்ளிப் பார்க்கலாம். ஆனால் யாரிடம், என்ன விலைக்கு எடுத்தது என்பதை அப்பா பக்கத்துக் கடைக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் நான் ஒருவரிடம் லொறி வந்த ஊரைச் சொல்லிவிட்டேன். அப்பா ஏசவில்லை. கல்குலேட்டரை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் அந்த ஊர் லோட் எங்களுக்கு வரவில்லை. இப்போது என் ஆப்பையும் அப்படித்தான் நடத்துகிறேன். என்ன செய்கிறது என்று யாருக்கும் காட்டுவேன், பொருள் தருகிறவர்களின் பட்டியலைக் காட்ட மாட்டேன்.

வெள்ளவத்தைப் பையன்:

அன்ரியிடம் திரும்பப் போனேன். துணிப் படம் எடுக்கிற திரையை அரைகுறையாகவே காட்டினேன். கடை லைட்டில் நிறம் மாறித் தெரிகிறதாம், ஜன்னல் பக்கம் வைத்து எடுக்கச் சொன்னார்.

கொட்டாஞ்சேனை 13:

பழைய ஆள் அண்ணா, ஈமெயில் இருக்கிறது. ஆனால் இப்போதுதான் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று சுழி 'ண' போட்டுத் திருத்திவிட்டார்கள்.