5ஆம் லெவல் ரேஞ்சர், இரண்டு கையிலும் வாள்: ஒரு டர்னில் எத்தனை அடி?

பகடைப்பித்தன்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டு) 2014 விதிகளிலிருந்து 2024 விதிகளுக்கு எங்கள் குழு மாறியிருக்கிறது. கேரக்டர் 5ஆம் லெவல் ரேஞ்சர், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, அதாவது மாடிஃபையர் +4. வலது கையில் ஷார்ட்ஸ்வர்டு, இடது கையில் சிமிட்டர். ஃபைட்டிங் ஸ்டைல், டூ-வெப்பன் ஃபைட்டிங். வெப்பன் மாஸ்டரியும் (ஆயுதத்துக்கே உரிய தனிப் பலனைப் பயன்படுத்தும் திறன்) இந்த இரண்டு வாளுக்குத்தான்.

டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்வது: எக்ஸ்ட்ரா அட்டாக்கோடு (5ஆம் லெவலில் வரும் இரண்டாவது அடி) சேர்த்து வலது கையில் இரண்டு அடி, இடது கையில் ஒன்று. அந்த மூன்றாவது அடி போனஸ் ஆக்‌ஷன் (டர்னுக்கு ஒன்றே) என்பதால், அதையே செலவழிக்கும் ஹண்டர்ஸ் மார்க் மந்திரம் (குறித்த எதிரி மேல் ஒவ்வொரு ஹிட்டுக்கும் கூடுதலாக ஒரு டி6, அதாவது ஆறுமுகப் பகடை, டேமேஜ்) போடும் டர்னில் அது கிடையாது. இன்னொரு பிளேயர் சொல்வது: எக்ஸ்ட்ரா அட்டாக் இரண்டு கைக்கும் பொருந்தும், ஆக மொத்தம் நான்கு. யார் சொல்வது சரி? இடது கை டேமேஜில் +4 சேருமா? 8ஆம் லெவலில் டூயல் வீல்டர் ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுத்து ஒரு கையில் லாங்ஸ்வர்டு பிடிக்க நினைக்கிறேன், அது சரியான யோசனையா? கேடயத்தோடு இதைச் செய்ய முடியுமா என்றும் யாராவது சொல்லுங்கள்.

விதிவிளக்கு:
2024 விதிப்படி மூன்று அடி. ஹண்டர்ஸ் மார்க் போடும் டர்னிலும் மூன்றுதான்.

எந்தக் கை என்று பார்ப்பதை முதலில் விட்டுவிடுங்கள். 5ஆம் பதிப்பில் (2014, 2024 விதிகள் இரண்டும் இதில் அடங்கும்) வலது கை, இடது கை என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் எந்தக் கணக்கிலிருந்து செலவாகிறது என்று மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரா அட்டாக், அட்டாக் ஆக்‌ஷனுக்குள் இரண்டு அடி தருகிறது. அதில் ஒன்றையாவது லைட் (ஷார்ட்ஸ்வர்டு, சிமிட்டர் போன்ற எடை குறைந்த வகை) ஆயுதத்தால் அடித்தால், அதே டர்னில் வேறொரு லைட் ஆயுதத்தால் கூடுதலாக ஒரே ஒரு அடி உண்டு. சாதாரணமாக அது போனஸ் ஆக்‌ஷன். ஆனால் சிமிட்டரின் மாஸ்டரி நிக். அது இருந்தால் அந்தக் கூடுதல் அடி அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே வந்துவிடும், போனஸ் ஆக்‌ஷன் கையில் மிஞ்சும். ஹண்டர்ஸ் மார்க்கை அதில் போடுங்கள். உங்கள் டிஎம் சொன்னது 2014 விதிப்படி முழுக்கச் சரி, நிக் அப்போது கிடையாது.

நிக் உள்ள ஆயுதங்கள் நான்கே: டாகர், சிக்கிள், லைட் ஹாமர், சிமிட்டர். கூடுதல் அடியை நிக் ஆயுதத்தாலேயே அடியுங்கள், அப்போது எந்த மேசையிலும் வாதம் வராது. அந்த ஆயுதத்துக்கு மாஸ்டரி இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்டு கையில் இரண்டு டாகர் இருந்தாலும் அவருடைய கிளாஸில் வெப்பன் மாஸ்டரி இல்லாததால் போனஸ் ஆக்‌ஷனைத்தான் செலவழிக்க வேண்டும்.

டேமேஜ்: கூடுதல் அடியில் எபிலிட்டி மாடிஃபையர் சேராது, அது மைனஸாக இருந்தால் மட்டும் கழியும். உங்களுக்கு ஃபைட்டிங் ஸ்டைல் இருப்பதால் +4 சேரும். ஹிட் ரோலுக்கு (அடி படுகிறதா என்று பார்க்கும் உருட்டல்) ஸ்டைல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு +7 உண்டு. டேமேஜில் வரும் கட்டுப்பாட்டை ஹிட் ரோலிலும் கழிப்பவர்கள் நிறைய, அது தவறு.

ஏசி (அடி பட எட்ட வேண்டிய பாதுகாப்பு எண்) 15 உள்ள எதிரி என்றால் இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 65 சதவீதம். கிரிட்டிக்கலை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். ஒரு ஹிட்டுக்கு டி6இன் சராசரி 3.5 + 4, மார்க்குக்கு இன்னொரு 3.5, ஆக 11. இரண்டு அடிக்கு 14.3, மூன்று அடிக்கு 21.45. ஸ்டைல் இல்லாவிட்டால் அந்த 21.45 என்பது 18.85 ஆகிவிடும்.

நான்கு அடி என்று சொன்ன நண்பர் அநேகமாக 3.5 பதிப்பு ஆடியவராக இருப்பார். அங்கே இம்ப்ரூவ்டு டூ-வெப்பன் ஃபைட்டிங் ஃபீட் எடுத்தால் ஆஃப்-ஹேண்டுக்கு (இரண்டாவது கைக்கு) −5இல் இரண்டாவது அடி கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு. ஃபீட் எதுவும் இல்லாமல் ஆடினால் முதல் கைக்கு −6, ஆஃப்-ஹேண்டுக்கு −10. அடிப்படை ஃபீட்டும் ஆஃப்-ஹேண்டில் லைட் ஆயுதமும் இருந்தால் இரண்டுக்கும் −2. அந்த மைனஸ்களைத் தூக்கி எறிந்த 5ஆம் பதிப்பு, கூடுதல் அடிகளையும் ஒன்றோடு நிறுத்திவிட்டது.

நாலாம்மூலை:
அடிக்கும் வரிசையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஷார்ட்ஸ்வர்டின் மாஸ்டரி வெக்ஸ். ஹிட் ஆகி டேமேஜ் கொடுத்தால் அதே எதிரி மேல் உங்கள் அடுத்த அட்டாக் ரோலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது). 65 சதவீதம் ஏறக்குறைய 88 ஆகிவிடும். ஷார்ட்ஸ்வர்டு, ஷார்ட்ஸ்வர்டு, சிமிட்டர் என்று போனால் முதல் ஹிட் இரண்டாவதைத் தூக்கும், இரண்டாவது ஹிட் மூன்றாவதைத் தூக்கும். கடைசி அடி ஷார்ட்ஸ்வர்டாக இருந்தால் அந்த அட்வான்டேஜ் உங்கள் அடுத்த டர்னுக்குப் போகும். நடுவில் கூட்டாளி யாராவது அந்த எதிரியை வீழ்த்திவிட்டால் வீண். சிமிட்டரால் ஆரம்பித்தால் வெக்ஸ் ஒரு அடி தாமதமாகிறது, எந்த லாபமும் இல்லை.

லாங்ஸ்வர்டு வேண்டவே வேண்டாம். அதற்கு ஃபினெஸ் (டெக்ஸ்டெரிட்டியால் அடிக்க விடும் தன்மை) இல்லை, ஸ்ட்ரெங்த் கொண்டுதான் அடிக்க வேண்டும். உங்கள் ஸ்ட்ரெங்த் 10 என்று வைத்தால் ஹிட் +7இலிருந்து +3க்கு விழும், டேமேஜில் +4 போய்விடும். டி6க்குப் பதில் டி8 உருட்டுவதால் கூடும் சராசரி ஒரே ஒரு புள்ளி. ரேப்பியர் என்றால் டெக்ஸ்டெரிட்டி பொருந்தும், ஆனால் அது லைட் இல்லை. நிக் அடிக்கு இரண்டு வெவ்வேறு லைட் ஆயுதம் தேவை, அதனால் ரேப்பியரைப் பிடித்த கையோடு அந்த மூன்றாவது அடியும் போய்விடும்.

ஆனால் ஃபீட்டைத் தாராளமாக எடுக்கலாம். 2024 டூயல் வீல்டர், லைட் ஆயுதத்தால் அடித்த டர்னில் வேறொரு மெலீ (நெருங்கி நின்று அடிக்கும்) ஆயுதத்தால் போனஸ் ஆக்‌ஷனில் ஓர் அடி தருகிறது. டூ-ஹேண்டடு மட்டும் ஆகாது. இது நிக் அடியிலிருந்து தனி, அதனால் நான்கு அடி உண்மையிலேயே வரும்: ஷார்ட்ஸ்வர்டு இரண்டு, நிக்கில் சிமிட்டர், ஃபீட்டில் மறுபடியும் சிமிட்டர். வாளை மாற்றவே தேவையில்லை. ஃபீட்டோடு வரும் +1ஐ டெக்ஸ்டெரிட்டியில் போட்டால் 18 என்பது 19 ஆகும், மாடிஃபையர் அதே +4தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2014இல் இதே ஃபீட் தந்த ஏசி +1 இப்போது இல்லை.

இரும்புத்திரை:
கேடயம் பற்றி. 2014 விதி "மற்றொரு கையில் பிடித்திருக்கும்" ஆயுதம் என்று தெளிவாகச் சொன்னது, அதனால் கேடயத்துக்கு இடமே இல்லை. 2024இல் அந்தச் சொற்கள் போய்விட்டன. அட்டாக் ஆக்‌ஷனின் ஒவ்வொரு அடியோடும் ஓர் ஆயுதத்தை உருவவோ உறையில் செருகவோ அனுமதி வேறு இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஷார்ட்ஸ்வர்டால் அடித்து, உறையில் செருகி, அடுத்த அடிக்குச் சிமிட்டரை உருவி, நிக் அடியையும் அதாலேயே அடித்து, மறு கையில் கேடயத்தை அப்படியே வைத்திருக்க முடியும். நான் டிஎம் நாற்காலியில் இருந்தால் இதை அனுமதிக்க மாட்டேன். இரண்டு வாள் பிடிப்பவர் கேடயத்தின் +2 ஏசியை விட்டுக்கொடுத்துத்தான் கூடுதல் அடியைப் பெறுகிறார். அந்த விலை இல்லாவிட்டால் கிரேட்ஸ்வர்டு தூக்குபவருக்குச் செய்யும் அநியாயம். முதல் செஷனுக்கு முன்பே டிஎம்மிடம் கேட்டுத் தீர்த்துவிடுங்கள், சண்டை நடுவில் வேண்டாம்.

மந்திரத்துக்கும் கை வேண்டும். ஹண்டர்ஸ் மார்க்குக்கு வாய்ச்சொல் மட்டும் போதும், இரண்டு கையிலும் வாளோடு போடலாம். க்யூர் வூண்ட்ஸுக்குக் கை அசைவு தேவை, ஒரு கை காலியாக இருக்க வேண்டும். டர்னுக்கு ஒருமுறை இலவசமாக ஒரு பொருளைக் கையாளலாம் அல்லவா, அதில் சிமிட்டரை உறையில் செருகிவிட்டு மந்திரத்தைப் போடுங்கள். அடுத்த டர்னில் அடிக்கும்போதே உருவிக்கொள்ளலாம். வார் காஸ்டர் ஃபீட் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

பகடைப்பித்தன்:
அனைவருக்கும் நன்றி, டிஎம்மும் படித்துவிட்டு மூன்று அடிக்கு ஒப்புக்கொண்டார். இரண்டு சந்தேகம் மட்டும். எதிரி விலகி ஓடும்போது கிடைக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கிலும் நிக் வருமா? ஃபீட் எடுத்த பிறகு முதல் டர்னிலேயே மார்க்கும் நான்கு அடியும் சேர்ந்து வருமா?

விதிவிளக்கு:
இரண்டுக்கும் இல்லை. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் ஒரு ரியாக்‌ஷன், அதில் ஒரே ஒரு மெலீ அடி. லைட் தரும் கூடுதல் அடிக்கு உங்கள் சொந்த டர்னில் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்திருக்க வேண்டும். எந்த வாளால் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஷார்ட்ஸ்வர்டால் அடியுங்கள், ஹிட் ஆனால் வெக்ஸ் உங்கள் அடுத்த டர்னின் முதல் அடிக்கு உதவும்.

முதல் டர்னில் மார்க்குக்குப் போனஸ் ஆக்‌ஷன் போய்விடும், அடி மூன்று. இரண்டாவது டர்னிலிருந்து நான்கு. மார்க் போட்ட எதிரி விழுந்தால் அதை இன்னொருவர் மேல் மாற்றவும் போனஸ் ஆக்‌ஷன்தான் செலவு, அந்த டர்னிலும் மூன்றுதான். அதனால் இரண்டு மூன்று அடியில் விழக்கூடிய கோப்ளின் கூட்டத்தில் மார்க்கைத் துரத்திக்கொண்டே இருக்காதீர்கள், நான்காவது அடியை எடுங்கள். ஹிட் பாயின்ட் அதிகமுள்ள ஒற்றை எதிரி என்றால் முதல் டர்னிலேயே மார்க் போடுங்கள்.