லுவாவுக்குக் கொடுத்த சி++ ஆப்ஜெக்ட் அழிந்த பிறகு ஸ்க்ரிப்ட் அதைத் தொட்டால் க்ராஷ்: சரியான பைண்டிங் முறை எது?

நிரல்வண்டு:
சி++ சிமுலேஷன் என்ஜினுக்குள் லுவா 5.4 (ஸ்க்ரிப்ட் மொழி) ஓடுகிறது. இரண்டையும் இணைக்கும் பைண்டிங் லைப்ரரி எதுவும் இல்லை, நேரடி சி ஏபிஐ. யூனிட் ஒன்றை ஸ்க்ரிப்டுக்கு அனுப்பும்போது 8 பைட் ஃபுல் யூசர்டேட்டா (சி++ தரவை வைக்க லுவா தரும் பெட்டி) எடுத்து, அதில் பாயிண்டரை எழுதி, மெட்டாடேபிளை (அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் டேபிள்) மாட்டுகிறேன். மெத்தட்கள் நன்றாகவே ஓடுகின்றன.

ஆனால் என்ஜின் யூனிட்டை டிலீட் செய்த பிறகும் ஸ்க்ரிப்டின் வேரியபிளில் பழைய பாயிண்டர் அப்படியே இருக்கிறது. அதில் மெத்தட் அழைத்தால் சில நேரம் க்ராஷ், சில நேரம் குப்பை மதிப்பு. இன்னொன்று, ஒரே யூனிட்டை இரண்டு முறை அனுப்பினால் இரண்டும் சமமில்லை என்கிறது. ஈக்யூ மெட்டாமெத்தட் (சமமா என்று ஒப்பிடும் ஃபங்ஷன்) எழுதினேன், ஒப்பீடு சரியானது. டேபிளில் கீயாக வைத்தால் மட்டும் கிடைப்பதில்லை. கடைசியாக, 'அடிபட்டால் இதை அழை' என்று ஸ்க்ரிப்ட் தரும் ஃபங்ஷனை ரெஜிஸ்ட்ரியில் (சி பக்கத்துக்கான லுவாவின் பொது டேபிள்) ரெஃப் போட்டு வைக்கிறேன். மெமரி ஏறிக்கொண்டே போகிறது. ஜிசி மெட்டாமெத்தடில் (கார்பேஜ் கலெக்டர் பொருளைச் சேகரிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) டிலீட் போட்டால் தீருமா?

ஸ்டாக்அடி:
ஜிசியில் டிலீட் போடாதீர்கள். யூனிட்டின் சொந்தக்காரர் என்ஜின். ஸ்க்ரிப்ட் அதைக் கைவிட்டதற்காக, களத்தில் நிற்கும் யூனிட் மறையக் கூடாது. என்ஜினும் பிறகு டிலீட் செய்தால் டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிப்பது) வேறு.

யூசர்டேட்டாவில் பாயிண்டரே வேண்டாம், ஹேண்டில் வையுங்கள். 32 பிட் ஸ்லாட் எண், 32 பிட் தலைமுறை எண், மொத்தம் அதே 8 பைட்தான். என்ஜினில் ஸ்லாட் வரிசை ஒன்று. யூனிட் அழியும்போது அந்த ஸ்லாட்டின் தலைமுறை எண்ணை ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொரு மெத்தடும் முதல் வேலையாக ஹேண்டிலைக் கொடுத்துப் பாயிண்டரைக் கேட்கட்டும். தலைமுறை பொருந்தவில்லை என்றால் ஆர்க்எரர் (லுவா எரரை எழுப்பும் சி ஏபிஐ அழைப்பு). க்ராஷ் ஆகிற இடத்தில் 'யூனிட் அழிந்துவிட்டது' என்று லைன் எண்ணோடு பிழை வரும். ஸ்க்ரிப்ட் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள, எரர் வீசாத ஒரு 'இருக்கிறதா' மெத்தடும் கொடுங்கள்.

ஷேர்ட் பாயிண்டரை (யாராவது பிடித்திருக்கும் வரை பொருளை அழியவிடாத சி++ பாயிண்டர்) யூசர்டேட்டாவுக்குள் வைக்கலாமே என்று தோன்றும். க்ராஷ் நிற்கும், ஆனால் ஸ்க்ரிப்டில் யாரோ மறந்துவிட்ட குளோபல் வேரியபிள் ஒன்று செத்த யூனிட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரிப்டே உருவாக்கி ஸ்க்ரிப்டே வைத்துக்கொள்ளும் பொருள்களுக்கு (பாதை, வடிகட்டி மாதிரி) அது சரி. அப்போது ப்ளேஸ்மென்ட் நியூ (ஏற்கெனவே எடுத்த இடத்திலேயே பொருளைக் கட்டுவது) மூலம் கட்டி, ஜிசியில் டிஸ்ட்ரக்டரை அழைக்க வேண்டும். 5.2 முதல் ஒரு நுணுக்கம்: யூசர்டேட்டாவுக்கு மெட்டாடேபிளை மாட்டும் நொடியில் ஜிசி ஃபீல்ட் அதில் இருந்தாக வேண்டும். பிறகு சேர்த்தால் லுவா அந்தப் பொருளுக்கு ஜிசியை அழைக்காது, எச்சரிக்கையும் தராது.

குப்பைபொறுக்கி:
மேலே சொன்ன ஹேண்டில் வந்தால் இரண்டாவது சிக்கலுக்கும் வழி பிறக்கிறது. டேபிள் கீ தேடும்போது லுவா ஈக்யூவைப் பார்ப்பதே இல்லை, யூசர்டேட்டாவின் அடையாளத்தை மட்டும்தான் பார்க்கும். எனவே ஒரு யூனிட்டுக்கு ஒரே யூசர்டேட்டா இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு டேபிள் வைத்து, ஹேண்டிலை 64 பிட் முழு எண்ணாகக் கீயாக்கி, யூசர்டேட்டாவை மதிப்பாக்குங்கள். அனுப்பும்போது முதலில் அங்கே தேடுங்கள், இல்லையென்றால் மட்டும் புதிது. பாயிண்டரைக் கீயாக்கினால் அலொக்கேட்டர் அதே முகவரியைப் புது யூனிட்டுக்குத் தரும் அன்று, பழைய யூனிட்டின் பெட்டி புதியதற்குப் போய்விடும். தலைமுறை எண் இருப்பதால் ஹேண்டிலில் அந்த ஆபத்து இல்லை.

பல இடங்களில் இந்த டேபிளை வீக் மதிப்போடு (சேகரிக்கப்படுவதைத் தடுக்காத மதிப்பு) வைக்கச் சொல்வார்கள். யூனிட்டின் மீது ஸ்க்ரிப்ட் எதையும் ஒட்டாத வரை அது போதும். யூசர் வேல்யூவில் (யூசர்டேட்டாவோடு ஒட்டிவைக்கும் லுவா மதிப்பு) கூடுதல் ஃபீல்டுகள் வைக்க அனுமதித்தால் வீக் கூடாது: ஸ்க்ரிப்ட் ஒரு கணம் கைவிட்டதும் பெட்டி சேகரிக்கப்பட்டு, அடுத்த முறை காலிப் பெட்டி வந்து நிற்கும். இது கார்பேஜ் கலெக்டர் ஓடும் நேரத்தைப் பொறுத்து நிகழ்வதால் பிழையைப் பிடிக்கவே நாள்கணக்காகும். உங்கள் விஷயத்தில் சாதாரண டேபிள், யூனிட் அழியும்போது அந்தக் கீயின் மதிப்பை நில் (லுவாவின் வெற்று மதிப்பு) ஆக்குங்கள்.

மெமரி ஏறுவதற்குக் காரணம் ரெஃப். ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஃபங்ஷன் அன்ரெஃப் செய்யும் வரை உயிரோடு இருக்கும், அது அப்வேல்யூவாக (தனக்கு வெளியே உள்ள வேரியபிளாக) பிடித்திருக்கும் அனைத்தும் அதோடு இருக்கும். யூனிட் அழியும் பாதை ஒன்றில் அன்ரெஃப் விடுபட்டாலே போதும். அதனால் ஃபங்ஷனை யூனிட்டின் யூசர்டேட்டாவிலேயே யூசர் வேல்யூவாக வையுங்கள். 5.4 இல் யூசர்டேட்டாவை எடுக்கும் நியூயூசர்டேட்டாயூவி அழைப்பு, உருவாக்கும்போதே எத்தனை இடம் என்று கேட்கும். கால்பேக்குக்கு (ஸ்க்ரிப்ட் தந்த அந்த ஃபங்ஷன்) ஒன்று, ஃபீல்டுகளுக்கு ஒன்று, ஆக 2. யூனிட் அழிந்து டேபிளில் நில் ஆனதும், ஸ்க்ரிப்டிலும் யாரும் பிடித்திராவிட்டால் எல்லாம் சேர்ந்து போகும். ஃபங்ஷனும் யூனிட்டும் ஒன்றையொன்று சுட்டினாலும் கவலையில்லை, அந்தச் சுழல் முழுக்க லுவாவுக்குள் இருப்பதால் கலெக்டருக்குத் தெரியும்.

மைனஸ்ஒன்று:
ஆர்க்எரர் பற்றி ஒரு எச்சரிக்கை. லுவாவை சி ஆகக் கம்பைல் செய்திருந்தால் எரர் என்பது லாங்ஜம்ப் (இடையில் உள்ள ஃபங்ஷன்களைத் தாண்டி நேராகக் குதிப்பது). நடுவில் இருக்கும் ஸ்ட்ரிங், வெக்டர், லாக் எதன் டிஸ்ட்ரக்டரும் ஓடாது. பைண்டிங் ஃபங்ஷனில் செக் வகை அழைப்புகள் (ஆர்க்யுமென்ட் தவறென்றால் எரர் வீசுபவை) அனைத்தையும் மேலே முடித்துவிட்டு, அதற்குப் பிறகே சி++ ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்குங்கள். இல்லையென்றால் லுவா சோர்ஸை சி++ கம்பைலரில் கட்டுங்கள், அப்போது எரர் எக்ஸெப்ஷனாகப் போகும். எதிர்த்திசையும் உண்டு: உங்கள் எக்ஸெப்ஷன் சி ஆகக் கட்டிய லுவாவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பைண்டிங்கின் எல்லையிலேயே பிடித்து, செய்தியை ஸ்டாக்கில் தள்ளி, கேட்ச் பிளாக் முடிந்த பிறகு லுவா எரரை எழுப்புங்கள்.

யூனிட்டிலிருந்து பிறந்த க்ளாஸ்கள் இருக்கின்றனவா? யூசர்டேட்டாவின் வகையைச் சோதிக்கும் செக்யூடேட்டா அழைப்பு, மெட்டாடேபிள் அப்படியே ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும், வாரிசு உறவெல்லாம் அதற்குத் தெரியாது.

நிரல்வண்டு:
இருக்கின்றன, 'வீரன்', 'கட்டடம்' என்று இரண்டு. ஹேண்டிலும் டேபிளும் மாற்றிவிட்டேன், க்ராஷ் நின்றது, கீயும் கிடைக்கிறது. ஆனால் கோரூட்டினுக்குள் (நடுவில் நிறுத்தி மறுபடி தொடரக்கூடிய லுவா ஓட்டம்) இருந்து பதிவு செய்த கால்பேக்கை அழைக்கும்போது மட்டும் எப்போதாவது விழுகிறது.

ஸ்டாக்அடி:
பதிவு செய்த ஃபங்ஷனுக்கு வந்த லுவா ஸ்டேட் பாயிண்டரை யூனிட்டில் சேமித்து வைத்திருப்பீர்கள். கோரூட்டினுக்குள் அது கோரூட்டினின் ஸ்டேட். கோரூட்டின் முடிந்து சேகரிக்கப்பட்டதும் அந்தப் பாயிண்டர் செல்லாது. ரெஜிஸ்ட்ரியில் மெயின் த்ரெட்டுக்கான இடம் 5.2 முதல் இருக்கிறது, ஆர்ஐடிஎக்ஸ் மெயின்த்ரெட். அதை எடுத்து அதில் பிகால் (எரரைப் பிடித்துத் தரும் பாதுகாப்பான அழைப்பு) செய்யுங்கள்.

வாரிசு க்ளாஸ்களுக்கு, ஒவ்வொரு மெட்டாடேபிளிலும் முன்னோர் ஐடிகளை ஒரு சின்ன டேபிளாக வையுங்கள். செக்யூடேட்டாவுக்குப் பதிலாக நீங்கள் எழுதும் ஃபங்ஷன் அதில் தேடட்டும். ஸ்லாட் வரிசையில் யூனிட் பாயிண்டராகவே சேமித்து, அங்கிருந்து ஸ்டாட்டிக் காஸ்ட். மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் உள்ள இடத்தில் வாய்ட் பாயிண்டர் வழியாகப் போனால் முகவரி சில பைட் தள்ளிப் போய்விடும், கம்பைலர் வாயே திறக்காது.