ஒரே ஆங்கில வாக்கியம்: பொருள் ஐந்தா, ஆறா?

கேள்வி (கொடைக்கானல்):
வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கில மன்றத்துக்கு இருபொருள் வாக்கியங்கள் திரட்டுகிறோம். இங்குள்ள கோக்கர்ஸ் வாக் நடைபாதையின் தொலைநோக்கியை அறிந்த பிள்ளைகள் என்பதால் முதலில் இது: 'ஐ சா த மேன் ஆன் த ஹில் வித் த டெலஸ்கோப்'. 1. மலையில் இருப்பது நானா, அவனா? 2. டெலஸ்கோப் என்னிடமா, அவனிடமா, மலையிலேயே நிற்கிறதா? 3. பெருக்கினால் 6 வருகிறது. விடை 5 என்கிறார்கள். எது விடுபடுகிறது?

பதில் 1:
5 தான் சரி. வாக்கியத்தைப் பலகையில் எழுதி, 'ஆன் த ஹில்' எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அதுவரை மேலே ஒரு வளைகோடு போடுங்கள். 'வித் த டெலஸ்கோப்'புக்கும் அப்படியே. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஹில் 'மேன்' உடன் சேர்ந்தால் டெலஸ்கோப் சா (பார்த்தேன்), மேன், ஹில் மூன்றில் எதோடும் சேரும். ஹில் 'சா'வுக்குப் போய்விட்டால் அந்த வளைவுக்குள் மேன் அடைபட்டுவிடுவான். டெலஸ்கோப்புக்கு மிச்சம் சா, ஹில் மட்டுமே. 3 + 2. விடுபடுவது: மலையில் நான், டெலஸ்கோப் அவனிடம்.
கடைசியில் 'நியர் த லேக்' என்று இன்னொரு துண்டு சேர்த்தால் 14 ஆகும். 2, 5, 14 எனப் போகும் இவை, கணிதத்தில் கேட்டலன் எண்கள் எனப்படும் வரிசையில் வருபவை. கணக்கு ஆசிரியரையும் கூப்பிடலாம்.

பதில் 2:
ஐந்தையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் பிடிபடும். 'மலையில் இருந்த ஆளைப் பார்த்தேன்', 'மலையிலிருந்து ஆளைப் பார்த்தேன்': த, து என்ற ஒரே எழுத்தில் ஆள் இடம் மாறிவிடுகிறார். 'தொலைநோக்கியால்' என்றால் என் கருவி, 'தொலைநோக்கியோடு இருந்த' என்றால் அவனுடையது. ஆங்கிலம் தடுக்கும் அந்த ஆறாவதும் நமக்குத் தாராளமாக வரும்: 'தொலைநோக்கி வைத்திருந்த ஆளை மலையிலிருந்து பார்த்தேன்'. வேற்றுமை உருபின் அருமை இதுதான்.

கேட்டவர்:
கோடு போட்டுப் பார்த்தேன், தெளிவாகிவிட்டது. மிக்க நன்றி. சொல் விளையாட்டுகளை எப்படி வகை பிரிப்பது?

பதில் 3:
நம் சிலேடைப் பிரிவே போதும். பிரிக்காமல் இருபொருள் தந்தால் செம்மொழி: 'பேங்க்' (வங்கி, ஆற்றங்கரை). பிரித்தால் பொருள் மாறினால் பிரிமொழி: 'ஐஸ் க்ரீம்', 'ஐ ஸ்க்ரீம்'. இதை எழுதிக் காட்டாதீர்கள், வேகமாகச் சொல்லிக் காட்டுங்கள். எழுத்தில் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும்.
'சன்' வேறு வகை: ஒலி ஒன்று, ஆங்கில எழுத்து இரண்டு. 1899-ல் தொடங்கிய நம்மூர் வானியல் ஆய்வகம் பார்ப்பது சூரியனையா, மகனையா? தமிழில் எழுதினாலும் இது நிற்கும். 'டியர்' (கண்ணீர்), 'டேர்' (கிழி) நேர்மாறு: ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழில் எழுதியதும் விளையாட்டே போய்விடும். அதை ஆங்கிலத்திலேயே எழுதிப் போடுங்கள்.
நம் எழுத்து புதிதாகவும் ஒன்று தரும். 'கோட் காணவில்லை' என்று ஒட்டிப் பாருங்கள். குளிருக்குப் போடுவதா, மேய்ச்சலுக்குப் போனதா?