அம்பாசிடர் மார்க் 4: திடீரென்று ஆயில் ஒழுகுகிறது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

செம்மண்ரோடு:
வணக்கம். வண்டி 1986 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், பழைய 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். அப்பா வாங்கியது. இந்த வண்டியில் ஆயில் கசிவது புதிதில்லை. நிறுத்திய இடத்தில் காலையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறை இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால் போன வாரம் காரைக்குடியிலிருந்து திருச்சி போய் வந்ததில் கதையே மாறிவிட்டது. கிளம்பும்போது கேஜ் கம்பியில் ஆயில் மேல் கோட்டில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கீழ்க் கோட்டுக்கும் கீழே. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழுகிறது. காலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குட்டை. ஆயில் விளக்கு எரியவில்லை, சைலன்சரில் நீலப் புகை இல்லை, இழுவையும் குறையவில்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, “பின் சீல் போச்சு, எஞ்சினை இறக்கணும், 20,000 ரூபாய் ஆகும்” என்கிறார். இறக்குவதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

டீசல்புகை:
பழைய எஞ்சின் அப்படித்தான் சார். கெட்டி ஆயிலாக ஊற்றி ஓட்டுங்கள். கசிவை நிறுத்தும் மருந்து டப்பாவும் கடையில் கிடைக்கும், அதையும் ஒன்று ஊற்றிவிடுங்கள்.

பழைய_இரும்பு:
அந்த மருந்து வேண்டாம். சீல் ரப்பரை ஊற வைத்து உப்ப வைப்பதுதான் அதன் வேலை. இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ஊறுவதற்கு ரப்பரே கிடையாது!

செம்மண்ரோடு, உங்கள் மெக்கானிக் “பின் சீல்” என்று சொன்னதில்தான் எனக்குச் சந்தேகம். மூன்று மெயின் பேரிங் உள்ள இந்த பி.எம்.சி. எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பின்முனையில் இப்போதைய வண்டிகள் மாதிரி லிப் சீல், அதாவது ஷாஃப்டை உரசி நிற்கும் ரப்பர் வளையம், இல்லை. ஷாஃப்டிலேயே திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை திரும்ப உள்ளே தள்ளிவிடும். ஷாஃப்ட் எதையும் தொடாமல் சுற்றுவதால் தேய்ந்து கிழிய அங்கே ஒன்றும் இல்லை. எஞ்சின் நின்றால் மரையும் வேலை செய்யாது, அதனால்தான் அந்த ஒரு ரூபாய்க் கறை. அது பிறவிக் குணம். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் கசிவு மெல்ல மெல்லக் கூடும், வருடக் கணக்கில். ஒரே வாரத்தில் தட்டு அளவு ஆனது என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது.

ஸ்பானர்_14:
அண்ணன் சொல்வது சரி. கீழே சொட்டும் இடத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஆயில் மேலேயிருந்து இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ராக்கர் கவரின் (எஞ்சின் உச்சியில் இருக்கும் மூடி) பின்மூலையில் கார்க் பேக்கிங் விட்டுப்போனாலும் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். ஆயில் பிரஷர் எடுக்கும் குழாயும் வலது பக்கம் பின்னால்தான் இருக்கிறது. இடது பக்கம் மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி) அடியில் இரண்டு டேப்பட் கவர்கள், அதாவது பிளாக்கின் பக்கவாட்டு மூடிகள், இருக்கும், அதற்கும் கார்க் பேக்கிங்தான். சூட்டில் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

முதலில் சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று முகர்ந்து பாருங்கள், கியர் ஆயில் நாற்றம் தனி. அப்புறம் எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெய் தொட்டு மேலிருந்து கீழ்வரை சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே சொன்ன இடங்களில் எல்லாம் முகப் பவுடரைத் தூவுங்கள். பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களில் மிக உயரத்தில் இருப்பது எதுவோ அதுதான் ஊற்று. வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

செம்மண்ரோடு:
நேற்று செய்தேன். மகளின் பவுடர் டப்பா காலி, அந்தப் பஞ்சாயத்து தனி.

முகர்ந்து பார்த்தேன், எஞ்சின் ஆயில்தான். பிரஷர் குழாய்ப் பக்கம் பவுடர் வெள்ளையாக அப்படியே இருக்கிறது. ஆனால் குழப்பம் என்னவென்றால் ஊற்று ஒன்றாக இல்லை. ராக்கர் கவர் பின்மூலையில் ஈரம், டேப்பட் கவர் இரண்டிலும் ஈரம், கிளட்ச் ஹவுசிங்கின் அடி ஓட்டையிலிருந்தும் சொட்டு. கேஜ் கம்பி செருகும் துளையைச் சுற்றிக்கூட நனைந்திருக்கிறது. எல்லாப் பேக்கிங்கும் ஒரே வாரத்தில் போகுமா?

பழைய_இரும்பு:
போகாது. நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கசிகிறது என்றால் குற்றம் பேக்கிங்கில் இல்லை, உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் அறைக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் அடிப்பகுதி) இறங்கும், புது எஞ்சினிலும்தான். அது வெளியே போக இந்த எஞ்சினில் இரண்டு வழி. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று. முன் டேப்பட் கவரிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் இரும்புக் குழாய் இன்னொன்று. இரண்டும் அடைத்தால் வாயு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். லிப் சீல் இல்லாத பின்பக்கம் அதற்குத் திறந்த வாசல், அந்த மரையால் அழுத்தத்தை எதிர்த்து ஆயிலைத் தள்ள முடியாது.

இரண்டு கேள்வி. கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது? திருச்சி போவதற்கு முன் எத்தனை நாள் நின்றிருந்தது?

செம்மண்ரோடு:
இரண்டு மாதம் ஷெட்டில் நின்றது. அதற்கு முன் ஏர் ஃபில்டர் மாற்றினோம். ஐயோ, இப்போதுதான் உறைக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தது, புதிய ஏர் கிளீனரில் அதைச் செருக மூக்கும் இல்லை. ராக்கர் கவர் முனையில் ஒரு போல்ட்டைச் சொருகிக் கிளிப் போட்டுவிட்டார்கள். “தூசி போகாது சார், நல்லதுதான்” என்றார்கள். நானும் சரி என்றேன்.

ஸ்பானர்_14:
பாதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த போல்ட்டோடும் இரண்டு மாதத்துக்கு முன் கசியவில்லையே, கீழ்க் குழாய் காப்பாற்றியிருக்கும். இப்போது அதுவும் அடைத்திருக்க வேண்டும்.

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசான மூச்சு இருந்தால் பரவாயில்லை, கையைத் தள்ளினால் அழுத்தம் தேங்கியிருக்கிறது. அப்புறம் மூடி இல்லாமல், வாயில் துணி மட்டும் கட்டி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓட்டுங்கள். சொட்டு குறைந்தால் வழக்கு முடிந்தது.

செம்மண்ரோடு:
மூடியைத் திறந்ததும் குக்கர் விசில் போடுவதற்கு முன் வரும் மாதிரி “புஸ்” என்று ஒரு மூச்சு. துணி கட்டி ஓட்டியதில் பத்து நிமிடத்தில் இரண்டே சொட்டு. முன்பு அதே நேரத்தில் எண்ண முடியாது.

கீழ்க் குழாயின் வாயில் கம்பியை விட்டேன். இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை. முன் டேப்பட் கவரைக் கழற்றி எடுத்து, குழாயைத் தரையில் தட்டினால் செம்மண் கட்டி கட்டியாக விழுகிறது, நடுவில் காய்ந்த சிலந்திகள். குளவி கூடு கட்டியிருக்கிறது! ஷெட்டின் சுவரில் எத்தனையோ இடம் இருக்க, இதற்குள் போய்க் கட்டியிருக்கிறது.

போல்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது ஹோஸ் போட்டேன். ஏர் கிளீனருக்கு லேத்தில் ஒரு மூக்கு வைத்தாயிற்று. முன் டேப்பட் கவருக்குப் புதுக் கார்க். ஆயிலை மேல் கோடு வரை மட்டும் நிரப்பி நேற்று புதுக்கோட்டை போய் வந்தேன். காலையில் அதே ஒரு ரூபாய்க் கறை. கம்பியில் ஆயில் இறங்கவில்லை. எஞ்சின் இறக்கும் வேலையை ரத்து செய்துவிட்டேன்.

குழாய் வாயில் கொசு வலை கட்டலாமா?

பழைய_இரும்பு:
வலை வேண்டாம். ஆயில் ஆவியும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து அதுவே இன்னொரு அடைப்பாகிவிடும். வண்டியை நிறுத்தி வைக்கும் நாட்களில் வாயில் ஒரு துணிப் பந்தைச் செருகி, சாவியில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள். நூலைப் பார்த்தால் துணியை எடுக்க வேண்டும் என்று நினைவு வரும்.

முடிந்தால் ஒருமுறை கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்றும், பார்த்துவிடுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் இரண்டு வழியும் திறந்திருந்தாலும் அழுத்தம் மறுபடி ஏறும். கிளட்ச் வழுக்குகிறதா? பின்பக்கம் வந்த ஆயில் பிளேட்டில் பட்டிருக்கலாம்.

செம்மண்ரோடு:
ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்திப் பார்த்தேன், வழுக்கவில்லை. கம்ப்ரஷன் கேஜ் இரவல் கேட்டிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியாயிற்று.

டீசல்புகை:
மருந்து டப்பா யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என் வண்டியும் மழை முழுக்க ஷெட்டில்தான் நின்றது, குழாயைப் பார்த்துவிட்டு வருகிறேன்.