புதுப்பிப்பு: சோழர் செப்புத் திருமேனிகள், மூன்று நாளில் சென்னையும் தஞ்சையும்

சென்னை, தஞ்சை இரண்டு ஊர்களிலும் சோழர் செப்புத் திருமேனிகளை மூன்று நாளில் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்தது.

கைகொடுத்தது, "வெள்ளிக்கிழமையை ரயிலுக்கு ஒதுக்குங்கள்" என்ற யோசனைதான். அன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வியாழன் அங்கே, சனி தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம். எழும்பூரில் செப்புத் திருமேனிகளுக்குத் தனிக் கட்டடம். மற்றவற்றிலேயே நேரத்தைத் தீர்த்துவிடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று. எழும்பூரில் நான் அசந்து நின்ற அர்த்தநாரீசுவரர் திருவெண்காட்டிலிருந்து வந்தவர். தஞ்சையில் இருக்கும் ரிஷபவாகன தேவரும் (ரிஷபத்தின் மேல், அதாவது காளையின் மேல், கை சாய்த்து நிற்கும் சிவன்; கி.பி. 1011) அதே ஊர்க்காரர்தான்! ரிஷபம் இல்லை, சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது. அவர் முன்னாலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.