பாடில் கியர் ஆல்ட்டோ: இறக்கத்தில் நியூட்றல் போட்டது பிழையா?

கொக்குவில் மாஸ்ரர்

வணக்கம். முப்பது வருசமாகக் கிளச் மிதித்த கால் என்னுடையது. மாசியில்தான் முதன்முறையாகக் கிளச் பெடல் இல்லாத கார் ஒன்று வாங்கினேன். 2016 ஆல்ட்டோ வேர்க்ஸ், தானே கியர் மாற்றும் ஏஜிஎஸ் கியர்பெட்டி, கையாலும் கியரைக் கூட்டிக் குறைக்க ஸ்ரியரிங்குக்குப் பின்னால் கூட்டல், கழித்தல் என்று இரண்டு பாடில். விற்றவர் "ஓட்டோ தான் மாஸ்ரர்" என்றார். லீவரைப் பார்த்தால் ஆர் (றிவேர்ஸ்), என் (நியூட்றல்), டி (தானே மாற்றும்), எம் (நாங்கள் மாற்றும்). நிறுத்தி வைக்கிற பி எங்கே என்று கேட்டேன், சிரித்தார்.

யாழ்ப்பாணத்துக்குள் ஒரு கரைச்சலும் இல்லை. எங்கள் ஊரில் பாலத்தை விட்டால் ஏறி இறங்க என்ன இருக்கிறது? சித்திரை லீவுக்கு நுவரெலியா போனோம். திரும்பி வரும்போது றம்பொடை இறக்கம். நான் அப்பாவின் மொறிஸ் மைனரில் பழகியவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார். சந்தி கண்ணில் பட்டாலே அப்பா நியூட்றல் தட்டிவிட்டு உருட்டிக்கொண்டு போவார். அந்தக் கைதான் எனக்கும் வந்திருக்கிறது.

லீவரை நியூட்றலுக்குத் தள்ளிவிட்டேன். மூன்று வளைவு சுகமாகப் போனது. நாலாவதில் பிறேக் பெடல் வழமையைவிட ஆழம் போனது. "என்ன கருகுது?" என்று பின்சீற்றில் இருந்து மனைவி. பதறிப்போய் டிக்குத் தள்ளினேன். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை, அந்த ஒரு கணம் எனக்கு ஒரு பாடவேளை. பிறகு மூன்றாம் கியர் பிடித்தது. எம்முக்கு இழுத்துக் கழித்தலை அடி அடி என்று அடித்தேன். இரண்டாம் கியர் விழுந்தது, ஒன்றாம் கியர் விழவில்லை, "பீப்" என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் அந்த இரண்டிலேயே எஞ்சின் கத்திக்கொண்டு காரைப் பிடித்துவிட்டது. புசல்லாவையில் நிறுத்தி, சில்லில் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு வந்தோம்.

இப்போது கேள்வி. ஓடும்போது நியூட்றல் போட்டது பிழையா? பாடிலால் கியர் குறைத்தால் பெட்டி கெடாதா? றெயில்வே கேற்றில் நிற்கும்போது டியில் விடுவதா, நியூட்றலில் விடுவதா? "ஏன் ஒன்று விழவில்லை?" என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

திருநெல்வேலி கராஜ்

மாஸ்ரர், முதலில் பேச்சு வாங்குங்கள், பிறகு பதில். கொதிக்கிற பிறேக் டிஸ்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. டிஸ்க் வளைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். நிறுத்தி, காற்றில் ஆறவிட வேண்டும்.

உங்களிடம் இருப்பது ஓட்டோ இல்லை. சாதாரண ஐந்து கியர் மனுவல் பெட்டி, சாதாரண உலர் கிளச். உங்கள் இடது காலுக்குப் பதிலாக ஒரு ஹைட்றோலிக் அமைப்பு கிளச்சை மிதிக்கிறது, கியரையும் அதுவே மாற்றுகிறது. மனுவல் கார் என்று நினைத்து ஓட்டினால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மனுவல் காரில் றம்பொடையை நியூட்றலில் இறங்குவீர்களா? (இறங்குவேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

அப்பா செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. காபரேற்றர் எஞ்சின் கியரில் உருண்டாலும் பெற்றோலை உறிஞ்சும். உங்களுடையது இன்ஜெக்சன். கியரில் இருக்கும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் கொம்பியூட்டர் பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றும். நியூட்றலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெற்றோல் எரிக்க வேண்டும். ஆக, இறக்கத்தில் உருட்டினதால் பெற்றோலும் போய், பிறேக்கும் போனது.

ஒன்று விழாதது உங்கள் அதிர்ஷ்டம். அந்த வேகத்தில் முதலாம் கியர் விழுந்தால் எஞ்சின் சுற்று சிவப்புக் கோட்டைத் தாண்டியிருக்கும். அதனால்தான் மறுத்தது. வேகம் குறைந்த பிறகு கேளுங்கள், தரும்.

மானிப்பாய்ப் பொடியன்

அண்ணை, பெராரியில் இரண்டு பாடிலையும் ஒன்றாய் இழுத்தால் நியூட்றல் வரும், மாஸ்ரரும் முயற்சி செய்து பார்க்கலாமே 😄 1989இல் பெராரி 640தான் பாடிலோடு வந்த முதல் எப் வண் பந்தயக் கார், முதல் ஓட்டத்திலேயே மான்செல் வென்றார். ரோட்டுக் காரில் வர 1997, 355 மொடல். ஆல்ட்டோவுக்கு வந்தது பெரிய விசயம்.

வவுனியா அக்கா

தம்பி, அவருக்குப் பிறேக் கருகின கதை, உனக்குப் பெராரி.

மாஸ்ரர், நான் செலேரியோ காரில் ஏ9 வீதியால் போய் வருகிறவள். பாடில் இல்லை, லீவரைத் தட்டுகிறேன், பெட்டி அதே வகைதான். நான் பட்டுப் படித்ததைச் சொல்கிறேன். வளைவுக்கு உள்ளே போன பிறகு கியர் குறைக்காதீர்கள். வளைவுக்கு முன்பே, நேர் ரோட்டில், பிறேக்கை லேசாகத் தொட்டு ஒரு தட்டு. அது விழுந்து, கார் பிடித்த பிறகுதான் அடுத்தது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிக்காரர் சொல்வார்களே, அதே கணக்குத்தான். கியர் கூட்டும்போது அக்சிலேற்றரைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் தலையாட்டுகிற குலுக்கமும் குறையும்.

கேற்றைப் பற்றி: யாழ்தேவி றெயில் வருகிறது என்றால் நியூட்றலில் போட்டு ஹான்ட்பிறேக் இழுத்துவிடுங்கள். டியில் பிறேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் கிளச் தேயாது, ஆனால் அதை அமைப்பு விரித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னலில் அரை நிமிசம் என்றால் டியே போதும். கஸ்தூரியார் வீதி நெரிசலில்தான் கவனம். பிறேக்கை அரைகுறையாக விட்டு ஊர்ந்து ஊர்ந்து போனால் ஒவ்வொரு ஊர்தலும் கிளச்சைத் தின்னும். முன்னால் இடம் விட்டு நின்று, ஒரேயடியாய்ப் போங்கள்.

திருநெல்வேலி கராஜ்

அக்கா சொன்னது சரி. மேட்டில் அக்சிலேற்றரால் காரைப் பிடித்து நிறுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற கருகின கிளச்சில் பாதி அப்படித்தான். பி இல்லாததால் சரிவில் நிறுத்தும்போது டி அல்லது ஆரில் விட்டுத் திறப்பை அணையுங்கள், ஹான்ட்பிறேக்கும் வேண்டும். மாஸ்ரர், முன் பிறேக் பாட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?

கொக்குவில் மாஸ்ரர்

எல்லாருக்கும் நன்றி. பெராரித் தம்பிக்கும்.

நேற்று சங்குப்பிட்டிப் பாலத்தில் இறங்கும்போது எம்மில் போட்டு, முன்கூட்டியே ஒரு தட்டுத் தட்டினேன். எஞ்சின் தானாகவே ஒரு "ம்ம்" சொல்லிச் சுற்றைக் கூட்டி, மூன்றில் அடக்கமாக உட்கார்ந்தது. மனைவிக்கு அந்தச் சத்தம் கேட்டதும் பழைய பயம் வந்து பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பிறேக் பாட் இன்று கழற்றினார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு இருந்தது, நகத்தால் கீறினால் கூடக் கீறவில்லை. புதுசு போட்டாயிற்று. டிஸ்க் வளையவில்லையாம். தண்ணீர் ஊற்றின கதையை அங்கே நான் சொல்லவில்லை.