கிராம்பைக் கடித்தால் அடங்கும் தாடை இழுப்பு

தியாகராய நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கும் என் அக்காவுக்கு, வாடிக்கையாளரிடம் விலை சொல்ல வாயெடுத்தாலே கீழ்த்தாடை மேல்நோக்கி இழுத்துப் பற்கள் இறுகிக்கொள்ளும். தூக்கத்தில் இந்த இழுப்பு வருவதே இல்லை. கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டால் தாடை இளகி, பேச்சு ஓரளவு தெளிவாக வரும். அந்தக் கிராம்புதான் அவருக்கு வினையாக முடிந்தது. "கிராம்புக்கு அடங்குகிற வியாதி உண்டா, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். முதலில் பார்த்த பல் மருத்துவரோ தாடை மூட்டுக் கோளாறு என்று கருதி, இரவில் அணிய ஒரு தகடு செய்து கொடுத்ததுடன் கடைவாய்ப் பல் ஒன்றையும் பிடுங்கினார். இழுப்பு குறையவில்லை.

நரம்பியல் மருத்துவர் கிராம்பைத் துப்பச் சொல்லிவிட்டு, "ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணுங்கள் அம்மா" என்றார். ஏழைத் தாண்டுவதற்குள் தாடை பூட்டிக்கொண்டது. மறுபடி கிராம்பை வைத்து எண்ணச் சொன்னார். தடையின்றி எண்ணி முடித்தார். எங்கள் வீட்டில் நடிப்பு என்று எண்ண வைத்த அதே விஷயத்தை அவர் நோய்க்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். தசையை இயக்கும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு பிசகுவதால் வரும் டிஸ்டோனியாவில், முகவாயைத் தொடுவது, எதையாவது மெல்லுவது போன்ற சிறு தொடுவுணர்வு இழுப்பைத் தற்காலிகமாகத் தணிக்கும் என்றும், தாடையைப் பிடிக்கும் வகைக்கு ஓரோமான்டிபுலர் டிஸ்டோனியா என்று பெயர் என்றும் விளக்கினார். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் இது வரலாம் என்பதால், பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தார். (வாந்தி மாத்திரை போட்ட ஓரிரு நாளில் திடீரென்று தாடை கோணிக்கொண்டால் அது வேறு கதை; உடனே மருத்துவமனைக்குப் போனால் ஓர் ஊசியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.)

இழுப்பைத் தணிக்க முதலில் கொடுத்த டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையால் அக்காவுக்கு நாக்கு வறண்டு மறதியும் வந்ததால், போட்டுலினம் டாக்ஸின் ஊசிக்கு மாறினோம். கன்னத்துத் தசையான மாசெட்டரிலும் நெற்றிப்பொட்டுத் தசையான டெம்போராலிஸிலும் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதனோடு இணைந்த, தசையின் மின்துடிப்பை ஒலியாகக் காட்டும் இ.எம்.ஜி. கருவியில் கடுகு பொரிவது போன்ற சத்தம் கேட்ட இடத்தில் மருந்தை இறக்கினார்கள். நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போய் அதைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை இம்மருந்து தடுக்கிறது. பலன் தெரிய சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். முதல் வாரம் முறுக்கை மெல்லத் தாடையில் வலு இல்லை; பிறகு கிராம்பில்லாமலே பேசினார். வாய் மூட முடியாமல் திறந்துகொள்ளும் வகைக்கு ஊசி ஆழத்திலுள்ள வேறு தசைகளில் போவதால், விழுங்குவதில் சிரமம் வர வாய்ப்பு கூடுதல் என்றார்கள். அத்தகையவர்கள் அனுபவமுள்ள கையைத் தேடுவது நல்லது.

செலவு யூனிட் கணக்கில் ஏறுகிறது, பலனோ மூன்று நான்கு மாதம்தான். இழுப்பு திரும்பியதும் முன்கூட்டியே ஊசி கேட்ட அக்காவிடம், அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி மருந்து பலிக்காமல் போகலாம் என்று சொல்லி, பன்னிரண்டு வாரம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர்.